முகமும் குரலும் பெயரும்

இசைக்குழுக்களைப் பற்றிய ஆவணப்படங்கள் யாரைக் காட்டுகின்றன?

புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருப்பவன் நான். ஒரு சனிக்கிழமை பள்ளியில் கூட்டுத் துப்புரவுப் பணி நடைபெற்றது. பெற்றோர் புல் வெட்டினர். பிள்ளைகள் நாற்காலிகளைக் கழுவினர். சிற்றுண்டிச்சாலை வானொலியில் பழைய மலாய்ப் பாடல் ஒன்று எழுந்தது. புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தகப்பனார் ஒருவர் அதனோடு சேர்ந்து பாடலானார். பக்கத்தில் நின்ற ஆறாம் ஆண்டு மாணவியிடம், "இதைப் பாடுகிறவர்கள் தமிழர்கள், பினாங்கைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள்" என்றேன். அவள் நம்பவில்லை. கைப்பேசியில் அவர்களுடைய படத்தைத் தேடிக் காட்டினேன்.

"இவங்க நெசமாவே தமிழங்களா ஐயா?" என்றாள். ஆம் என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப ஏன் ஐயா தமிழ்ல பாடல?" என்று கேட்டாள்.

முதல் வினாவிற்கு என்னிடம் படம் இருந்தது. இரண்டாம் வினாவிற்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அவ்வினாவை ஆராயப் புகுந்தபோது, இசைக்குழுக்களைப் பற்றி உலகெங்கும் எடுக்கப்படும் ஆவணப்படங்களை நோக்க வேண்டியதாயிற்று. அங்கே கண்டவற்றை ஆசிரிய நண்பர்களுக்கும் வாசகர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவணப்படம் என்பது யாது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும் வெள்ளையரின் நாட்டுப்புற இசையும் கலந்து 1950-களில் கிளைத்தது ராக் இசை. 1960-களில் அது நம் நாட்டையும் எட்டியது. கித்தாரும் முரசுத் தொகுதியும் கொண்ட அத்தகைய குழுக்களுக்கு மலாய் மொழியில் 'குகிரான்' என்று பெயரிட்டனர். விறுவிறுப்பான கித்தார்க் குழு எனப் பொருள்படும் மூன்று மலாய்ச் சொற்களின் அசைகளைச் சேர்த்து ஆக்கிய சொல் அது.

இக்குழுக்களின் வரலாற்றைக் கூறும் ஆவணப்படம், நடந்ததைக் காட்டுவது. எனினும் நடந்தது முழுவதையும் காட்டுவதன்று. இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1969 ஜனவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாடல்களை உருவாக்கிய காட்சிகளை மைக்கேல் லிண்ட்சே ஹாக் என்னும் இயக்குநர் ஏறத்தாழ 60 மணி நேரம் படம்பிடித்தார். அவற்றிலிருந்து 1970 இல் ஏறத்தாழ 80 நிமிடப் படம் ஒன்று வெளிவந்தது. அதைக் கண்டவர்கள், மனக்கசப்பால் பிரியப்போகும் நால்வரைக் கண்டதாகவே கருதினர். அதே காட்சிகளைக் கொண்டு பீட்டர் ஜாக்சன் 2021 இல் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும் மூன்று பகுதிப் படத்தைத் தொகுத்தார். அதிலே சிரிப்பும் தோழமையும் மிகுதியாகக் காணப்பட்டன. மூலம் ஒன்றே; வெட்டியவர் கை வேறு. ஆதலின் ஆவணப்படத்தைக் காண்போர், படத்தில் எது உளது என்பதோடு எது விடப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பிரதிநிதித்துவம் என்னும் நெடுஞ்சொல்லை இங்கே 'இடம்பெறுதல்' என்று வழங்குவோம். ஒரு படத்தில் ஒருவர் இடம்பெறுவது மூன்று வகையால் நிகழும். அவர் முகம் தெரியலாம். அவர் குரல் கேட்கலாம். அவர் பெயர் சொல்லப்படலாம். பல இனத்து முகங்களை வரிசையாகக் காட்டிவிட்டால் பன்மை வந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி இடம்பெறுதல் நிறைவடையாது என்பதே என் கருத்து.

சிலம்பு காட்டும் முறை

இவ்வாறு எண்ணிப் பார்ப்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தமிழாசிரியர் அறிவர். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவள் ஆடுவதைச் சொல்லுமுன் இளங்கோவடிகள் என் செய்கிறார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருடைய தகுதியையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறார். பின்னர் அரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றையும் அளந்து சொல்கிறார். அதன் பின்னரே மாதவி மேடை ஏறுகிறாள்.

மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படையும் அத்தகையதே. கூத்தர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், எல்லரி, பதலை முதலிய கருவிகளைத் தொடக்கத்திலேயே அது எண்ணிக் காட்டுகிறது.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். அரங்கேற்று காதை ஆசிரியர்களின் தகுதிகளை விரித்துரைக்கிறதே தவிர, அவர்களுடைய இயற்பெயர்களைத் தரவில்லை. தொழிலுக்கு இடம் கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை. அடிகள் நோக்கியது காவியத்தின் தேவையை. ஆதலின் அதைக் குறை என்று நான் கூறமாட்டேன். ஆனால் வரலாறு எழுதுபவருக்கும் படம் எடுப்பவருக்கும் அந்த உரிமை இல்லை.

குரல் உண்டு, பெயர் இல்லை

1962 இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாடல் ஒன்று, கிரிஸ்டல்ஸ் என்னும் பெண்கள் குழுவின் பெயரால் வெளிவந்தது. ஆனால் அதைப் பாடியவர் அக்குழுவைச் சேர்ந்தவர் அல்லர். டார்லீன் லவ் என்னும் கறுப்பினப் பாடகியே தம் தோழியரோடு அதைப் பாடினார். நாடெங்கும் அவர் குரல் ஒலித்தது. இசைத்தட்டிலோ வேறொரு பெயர் இருந்தது.

இத்தகைய பின்னணிப் பாடகியரின் வாழ்க்கையை மார்கன் நெவில் 2013 இல் ஆவணப்படமாக எடுத்தார். 'டுவென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' என்பது அதன் பெயர். மேடையில் முன்னே நிற்கும் நட்சத்திரத்திற்கும் பின்னே நின்று பாடுபவருக்கும் இடையே உள்ள இருபதடித் தொலைவே தலைப்பின் பொருள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969 ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் உச்ச குரலால் கேட்போரை உலுக்கிய மெர்ரி கிளேட்டனும் அதில் பேசுகிறார். அப்படம் 2014 இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதன் சிறப்பு, அப்பெண்களைப் பற்றிப் பிறர் பேசுவதோடு நில்லாமல், அவர்களையே பேசவும் பாடவும் விட்டமையாகும்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. மேலே கூறிய 1969 ஜனவரியில் பில்லி பிரெஸ்டன் என்னும் கறுப்பினக் கலைஞர் பீட்டில்ஸ் குழுவினரோடு அமர்ந்து விசைப்பலகை வாசித்தார். அப்போது உருவான பாடல் இசைத்தட்டாக வந்தபோது, பீட்டில்ஸ் என்னும் பெயரோடு பில்லி பிரெஸ்டன் பெயரும் சேர்த்து அச்சிடப்பட்டது. பெயர் சேர்ப்பதால் நால்வரின் புகழ் குறையவில்லை. ஒரு வரி கூடுதலாக அச்சிட்டனர், அவ்வளவே.

எதிர்பார்ப்பு என்னும் வேலி

டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்னும் மூன்று சகோதரர்கள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த கறுப்பினத்தார். 1970-களின் முற்பகுதியில் அவர்கள் ராக் குழு ஒன்றை அமைத்தனர். அந்நகரோ மோடவுன் என்னும் கறுப்பின மெல்லிசைக்குப் புகழ்பெற்றது. கறுப்பின இளைஞர் என்றால் அவ்வகை இசையையே வாசிக்க வேண்டும் என்பது அண்டை அயலாரின் எண்ணம். தந்தையின் மறைவுக்குப் பிறகு டேவிட் தம் குழுவிற்கு 'டெத்', அதாவது மரணம், என்று பெயரிட்டார். பெயரை மாற்றினால் ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நிலை வந்தபோதும் அவர் இணங்கவில்லை. சொந்தச் செலவில் 500 இசைத்தட்டுகளை மட்டும் வெளியிட்டனர். குழு கலைந்தது. 2000 இல் டேவிட் காலமானார்.

பல ஆண்டுகள் கழித்து, பாபியின் மகன்கள் தம் தந்தையின் பழைய இசையைத் தாமே கண்டறிந்து வியந்தனர். வீட்டில் கிடந்த ஒலிநாடாக்கள் 2009 இல் இசைத்தட்டாக வெளிவந்தன. 2012 இல் 'எ பேண்ட் கால்டு டெத்' என்னும் ஆவணப்படமும் வந்தது.

இங்கே ஆசிரியர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. அச்சகோதரர்களுக்குத் தடையாக நின்றவற்றுள் வெளியார் மனப்பான்மை மட்டுமன்றி, 'நம்மவன் இதைத்தான் வாசிக்க வேண்டும்' என்ற சொந்த இனத்தாரின் எதிர்பார்ப்பும் ஒன்று. என் மாணவியின் வினாவிலும் அவ்வெதிர்பார்ப்பின் சாயல் இருந்தது. அதை அவள் பெரியோரிடமிருந்தே கற்றிருக்க வேண்டும்.

பினாங்குச் சகோதரர்கள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 'அலிகேட்ஸ்' என்னும் குழுவை அறியாத மலேசியர் சிலரே. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் சகோதரர்கள் 1960-களின் இறுதியில் அதைத் தொடங்கினர். 1970-களில் ஹாங்காங் சென்று இரவு விடுதிகளில் வாசித்துத் தொழில் கற்றனர். அப்பத்தாண்டின் இறுதியில் மலாய் மொழியில் இசைத்தட்டுகள் வெளியிடத் தொடங்கினர். அடர்ந்து சுருண்ட தலைமுடியோடு அவர்கள் மேடையில் நின்ற தோற்றம் நாடறிந்தது. மலாய் இசையமைப்பாளர் எம். நாசிர் போன்றோர் அவர்களுக்குப் பல பாடல்களை ஆக்கித் தந்தனர். 2007 இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினர்.

இவர்களைப் படமாக எடுப்பவர் இரண்டு பிழைகளுள் ஒன்றைச் செய்யக்கூடும். 'இவர்கள் மலேசியர், வேறு அடையாளம் எதற்கு?' என்று தந்தையின் பெயரையும் வீட்டு மொழியையும் சொல்லாமல் விடுவது ஒரு பிழை. அவ்வாறு செய்தால், எங்கள் மாணவி போன்ற பிள்ளைகள் குரலைக் கேட்டும் முகத்தை அறியாமற் போவார்கள். 'இவர்கள் நம்மவர், நம்மவரால்தான் மலாய் இசை வளர்ந்தது' என்று மார்தட்டிப் பாட்டை ஆக்கிய மலாய்க் கலைஞரை மறைப்பது மற்றொரு பிழை. முன்னது நம்மை மறைக்கிறது. பின்னது பிறரை மறைக்கிறது.

அப்படியானால் அவர்கள் ஏன் மலாயில் பாடினர்? பினாங்குத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு மலாய் அயல்மொழியன்று. தவிரவும், இசை அவர்களுக்குப் பிழைப்பு. நாடு முழுவதும் கேட்கும் மொழியில் பாடினால்தான் குழுவிலுள்ள அத்தனை பேரும் உண்ண முடியும். மலாய்க் கவிஞர் எழுதிய சொற்களைத் தமிழன் பாட, சீனர் கடையில் அது ஒலித்தது. ஒரு மொழியில் பாடியதால் அவர் தம் தாய்மொழியை விட்டார் என்று கொள்ளல் வேண்டா. தோட்டத்துக் கங்காணியும் பால்மரம் வெட்டுபவரும் சந்தையில் மலாய் பேசியே காய்கறி வாங்கினர். வீடு திரும்பியதும் அவர்கள் தமிழரல்லாதவர் ஆகிவிடவில்லை.

இக்கலப்பு அவர்களோடு தொடங்கியதுமன்று. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் மலாய்ப் படங்கள் உருவான காலத்தில், அவற்றை இயக்கியோருள் பலர் இந்தியர். 1950 இல் வெளிவந்த 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதைத் தலைவனாக நடிக்க வைத்தவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். ரம்லியின் முகமும் குரலும் இன்றும் வாழ்கின்றன, வாழ வேண்டியவையே. ஆனால் அம்முகத்தைத் திரைக்கு நடுவே நிறுத்தியவரின் பெயரை நம் பள்ளிகளில் எத்தனை பேர் அறிவர்?

நம்முள்ளே இருக்கும் இருபதடி

இதுவரை பிறர் நம்மைக் காட்டுவதைப் பற்றிக் கூறினேன். நாம் நம்மைக் காட்டும்போது யாரை விடுகிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

சென்னையில் 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அதை உருவாக்கினர். சாதியற்றோர் என்று பொருள்படும் அப்பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) கருத்திலிருந்து பிறந்தது. வடசென்னைக் கானாவும் பறையும் ராக் கித்தாரும் அங்கே ஒரே மேடையில் ஒலித்தன. அதன் பாடகி இசைவாணியை 2020 இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்கள் வரிசையில் சேர்த்தது. ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவைப் பெண் பாடுவதும், சாவு வீட்டுக்கே உரியதெனத் தள்ளப்பட்ட பறை கச்சேரி மேடையில் நடுவிடம் பெறுவதும் சிறு செய்திகள் அல்ல. தமிழிசை என்னும்போது எந்தத் தமிழருடைய இசையைச் சொல்கிறோம் என்று அக்குழு கேட்டது.

அவ்வினா கடல் கடந்து எங்கள் தோட்டத்திற்கும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் பள்ளி எடுத்த படம்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன. குடும்பங்கள் பட்டணம் போயின. எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று உறுமி மேளம். திருவிழா வந்தால் இளைஞர் எங்கிருந்தாலும் வந்து சேர்கின்றனர். ஆகவே, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எங்கள் தோட்டத்து உறுமி மேளக் குழுவைப் பற்றிச் சிறு ஆவணப்படம் எடுக்கட்டும் என்று ஆசிரியை ஒருவரும் நானும் முடிவு செய்தோம். கைப்பேசியே படப்பெட்டி. இரண்டு வாரத்தில் பன்னிரண்டு நிமிடப் படம் ஆயத்தமாயிற்று.

படம் நன்றாகவே இருந்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை உறும வைக்கும் தலைவர் முன்னே நின்றார். சீருடை அணிந்த இளைஞர் பம்பை அடித்தனர். ஆனால் பார்க்கப் பார்க்க இரண்டு குறைகள் எனக்குப் புலப்பட்டன.

தாளம் தட்டுபவன் வங்காள தேசத்திலிருந்து வந்த இளந்தொழிலாளி. வார இறுதியில் பொழுது போகாமல் ஒத்திகையைப் பார்க்க வந்தவன், பழகிப்போய்க் குழுவில் ஒருவனாகிவிட்டான். படத்தில் அவன் கை இருந்தது, முகம் இல்லை. காரணம் கேட்டேன். "அவரு நம்ம ஆளு இல்லையே ஐயா" என்றான் ஒரு மாணவன். மலாய்ப் படத்தில் நமக்கு முகம் இல்லையே என்று ஏங்கும் நாம், நம் படத்தில் ஒருவனைக் கையாக மட்டும் காட்டியிருந்தோம்.

மற்றொரு குறை அதனினும் ஆழமானது. அக்குழுவின் கருவிகளுக்கெல்லாம் தோல் கட்டித் தருபவர் ஒரு முதியவர். அவர் கை படாமல் அங்கே எந்தக் கருவியும் ஒலிப்பதில்லை. படத்தில் அவர் எங்கும் இல்லை. "அவரு வாசிக்கலையே" என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒருவன் தாழ்ந்த குரலில், "எங்க தாத்தா அவர வேணாம்னு சொன்னாரு" என்றான்.

காரணம் எனக்குப் புரிந்தது. தோலைத் தொடுவோரைத் தள்ளி வைத்த பழைய வழக்கம் கப்பலேறி வந்து, லயத்தில் குடியிருந்து, லயம் இடிந்த பின்னும் இடியாமல் நிற்கிறது. அன்று நான் ஒன்றும் சொல்லாமல் அறைக்குத் திரும்பினேன். முப்பதாண்டுக் காலம் ஆசிரியனாக இருந்தவன், ஒரு தாத்தாவின் மனம் நோகுமே என்று பேசாதிருந்தேன். அது என் பிழை. இரண்டு நாள் அது என்னை உறங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் அம்முதியவர் வீட்டிற்கு நானே சென்றேன். படத்தில் பேச விருப்பமா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இடம் தருவது நம் கடமை. வருவதும் வராததும் அவர் உரிமை. மறுநாள் மாலை, மடிப்புக் கலையாத சட்டையோடு பள்ளிக்கு வந்தார். தோலை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்த வெயிலில் உலர்த்துவது, தட்டிப் பார்த்து எவ்வாறு பதம் அறிவது என்பதையெல்லாம் நான்கு நிமிடம் விளக்கினார். இறுதியில், "பேரு போடுறதா இருந்தா எங்கப்பா பேரையும் சேத்துப் போடுங்க ஐயா, அவருதான் எனக்குக் கத்துக்கொடுத்தாரு" என்றார்.

வங்காள தேசத்து இளைஞனும் மலாயில் இரண்டு வார்த்தை பேசினான். அவன் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதப் பிள்ளைகள் அவனை மூன்று முறை கேட்டனர்.

ஆசிரியர் செய்யத்தக்கது

பயிற்சிக் கல்லூரியில் நாம் அனைவரும் படங்காட்டிப் பாடம் நடத்தக் கற்றோம். இக்காலப் பிள்ளைகளோ படம் பார்த்தே வளர்கின்றனர். ஆதலின் படத்தைக் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் நாமே கற்பித்தல் வேண்டும். எந்த இசைக்குழுவின் படமாயினும், அதில் யார் முகம் தெரிகிறது, யார் தம் சொந்தச் சொல்லால் பேசுகிறார், யாருடைய உழைப்புக்குப் பெயர் சொல்லப்படுகிறது என்று மாணவரை எழுதச் சொல்லலாம். அரங்கேற்று காதையை நடத்தும்போது, மாதவிக்கு முன் வந்த ஆறு ஆசிரியர்களை நிரல்படுத்தி, அவ்விடங்களில் தம் ஊர்க் குழுவினரின் பெயர்களை எழுதச் செய்யலாம். இலக்கியம் கற்றதும் ஆகும். ஊரை அறிந்ததும் ஆகும்.

எங்கள் படத்தைப் பெற்றோர் கூட்டத்தில் திரையிட்டோம். 'வேண்டாம்' என்று சொன்ன அந்தத் தாத்தாவும் வந்திருந்தார். முதியவர் தோல் கட்டும் காட்சியின்போது அவர் எழுந்து போகவில்லை; கைதட்டவுமில்லை. இருந்து பார்த்தார். இப்போதைக்கு அது போதும் என்று எண்ணிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அந்த மாணவி என்னிடம் வந்தாள். தமிழில் ஏன் பாடவில்லை என்ற வினாவை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, ஆனால் வினா வளர்ந்திருந்தது. "அன்னைக்கு வானொலியில கேட்டோமே, அந்தப் பாட்ட எழுதுனது யாரு ஐயா?" என்றாள்.

தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.